கல்லாவுக்குப் பக்கத்தில் பேசும் பெட்டி: ஒரு மளிகைக் கடையின் மதிப்பீடு

கைபேசியில் பணம் செலுத்தியதும் "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவிக்கும் சிறு பெட்டியை இன்று பெட்டிக்கடை முதல் துணிக்கடை வரை எங்கும் காணலாம். விற்கும் நிறுவனங்கள் அதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தாலும் கடைக்காரர்களுக்கு அது சவுண்ட் பாக்ஸ். எங்கள் கடைத்தெருவில் ஸ்பீக்கர் என்றாலே அதைத்தான் குறிக்கும். தஞ்சாவூர் மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில் எங்கள் குடும்பம் நடத்தும் மளிகைக் கடையில் இந்தப் பெட்டி சில ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறது. இடையில் ஒருமுறை நிறுவனமும் மாறியது. ஆகவே இம்மதிப்பீடு ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் பெட்டியைப் பற்றியதன்று. ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும் இந்தக் கருவி வகையைப் பற்றியது. எழுபதைக் கடந்த அப்பா, நாற்பதுகளில் இருக்கும் நான், கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகன் என மூன்று தலைமுறையினர் மாறி மாறிக் கல்லாவில் உட்காரும் கடை என்பதால், இது யாருக்கு எப்படிப் பயன்படுகிறது என்பதை அருகிலிருந்து பார்க்க முடிந்திருக்கிறது.

முதலில் இது இயங்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பெட்டியை வைத்திருக்கும் பலருக்கே அது தெளிவாகத் தெரிவதில்லை. பெட்டிக்கும் கடைக்காரரின் கைபேசிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பெட்டிக்குள்ளேயே ஒரு சிம் அட்டை இருக்கிறது. வாடிக்கையாளர் தட்டியில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை (மக்கள் வழக்கில் அதுதான் 'ஸ்கேனர்') படம்பிடித்துப் பணம் அனுப்பியதும், தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் யுபிஐ வழியாக வங்கிகளுக்கிடையே பணம் நகர்கிறது. அது முடிந்த செய்தி நிறுவனத்தின் கணினிக்குப் போய், அங்கிருந்து பெட்டிக்கு வந்து, குரலாக வெளிப்படுகிறது. சமிக்ஞை நன்றாக இருந்தால் இத்தனையும் இரண்டு மூன்று நொடிகளில் நடந்துவிடும். கடைக்காரரின் கைபேசி வீட்டில் இருந்தாலும், அணைந்து கிடந்தாலும், பையன் அதில் விளையாடிக்கொண்டிருந்தாலும் பெட்டி பேசும். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் இரு பொத்தான்கள், இயக்க ஒரு பொத்தான், நிலையைக் காட்டும் ஒரு விளக்கு, மின்னேற்றும் கம்பி: வெளியே தெரியும் உறுப்புகள் அவ்வளவுதான்.

யுபிஐ 2016 ஏப்ரலில் அறிமுகமானது. அவ்வாண்டு நவம்பர் 8ஆம் தேதி ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்ட பின் அது கடைத்தெருவுக்கு வேகமாக வந்து சேர்ந்தது. இன்று அதன் அளவு மலைக்க வைக்கிறது. 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் இரண்டாயிரம் கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. ஆனால் பேசும் பெட்டி யுபிஐயுடன் பிறந்ததன்று. பேடிஎம் முதலில் கொண்டுவர, போன்பேயும் கூகுள் பேயும் பின்தொடர்ந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் பணம் வந்ததா இல்லையா என்பதை அறிய அப்பாவுக்கு இருந்த வழி கைபேசிக்கு வரும் குறுஞ்செய்திதான். எங்கள் கடையில் அந்த ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்று கேட்டால், அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, கடன் தருகிறோம் என்றும் நிலம் விற்கிறோம் என்றும் வந்து குவிந்திருக்கும் விளம்பரங்களுக்கிடையே வங்கியின் ஆங்கிலச் செய்தியைத் தேடுவார். அதற்குள் எண்ணெய் வாங்க வந்தவர் இருமுறை கடிகாரத்தைப் பார்த்துவிடுவார். சலித்துப்போன அப்பா, "ஜிபேன்னா தம்பி வந்தப்புறம் வாங்க" என்று சொல்லிவிடுவதும் உண்டு. வாடிக்கையாளர் தம்பி வரும்வரை காத்திருக்கமாட்டார். அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

பெட்டி வந்த வாரத்திலேயே அந்த வாக்கியம் கடையிலிருந்து மறைந்துவிட்டது. காரணத்தை யோசித்தால், இது அப்பாவிடம் எதையும் மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை என்பது புரிகிறது. கல்லாவில் உட்காருபவருடைய கண் தராசின் மீதும், கை பொட்டலத்தின் மீதும் இருக்கும். சும்மா இருப்பது காது மட்டுந்தான். முன்பு நாணயம் மேசையில் விழும் ஓசையைக் கேட்டே அது ஒரு ரூபாயா இரண்டு ரூபாயா என்று தெரிந்துகொண்டவருக்கு, பணத்தைக் காதால் அறிவது புதிய பழக்கமன்று. பெட்டி ஒரு தொகையைச் சொன்னதும், அவர் நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டைத் திறந்து, அன்றைய தேதிக்குக் கீழே நீல மையில் அத்தொகையை எழுதுவார். ரொக்கத்துக்கு இடப்பக்கம், பெட்டி சொன்னதற்கு வலப்பக்கம். நாள் முடிவில் இரண்டையும் தனித்தனியே கூட்டி அடியில் கோடு இழுப்பார். பெட்டி நிறுவனத்தின் கைபேசிச் செயலிக்குள் இதே கணக்கு மணி நிமிடத்துடன் இருக்கிறது என்று அண்ணன் மகன் பலமுறை சொல்லிப் பார்த்தான். "அதுல இருக்கறது அவன் கணக்கு, இது என் கணக்கு" என்பது அப்பாவின் பதில்.

அந்தப் பதிலில் பிடிவாதம் மட்டும் இருப்பதாக நானும் நினைத்தேன். ஆனால் அந்த நோட்டுக்கு ஒரு வேலை வந்தது. ஒரு மாத இறுதியில் வங்கிக் கணக்கேட்டில் பதிந்துவந்த தொகையும் நோட்டின் வலப்பக்கக் கூட்டலும் ஒத்துப்போகவில்லை என்று அப்பா கண்டுபிடித்தார். நூற்றுச் சொச்ச ரூபாய் குறைந்தது. செயலியை நாள்தோறும் திறந்து பார்க்கும் எங்கள் இருவர் கண்ணிலும் அது படவில்லை. விசாரித்தபோது, முதல் சில மாதங்கள் இலவசமாக இருந்த பெட்டிக்கு வாடகை தொடங்கியிருப்பதும், அதை நிறுவனம் தனியாகக் கேட்டு வாங்காமல் அன்றைய வரவிலேயே பிடித்துக்கொண்டிருப்பதும் தெரியவந்தன. பெட்டியைப் பொருத்திவிட்டுப் போன விற்பனைப் பிரதிநிதி "ஒண்ணும் கிடையாது சார், ஃப்ரீதான்" என்று சொன்னதைத் தவிர வேறு எதுவும் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. இந்த வகைப் பெட்டிகளில் நான் காணும் முதற்பெரும் குறை இதுதான்: வரவை இவ்வளவு உரக்கச் சொல்லும் கருவி, தனக்காகப் பிடிக்கும் செலவைப் பற்றி வாயே திறப்பதில்லை.

வாடகை கேட்பதையே தவறென்று நான் சொல்லமாட்டேன். வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யுபிஐ பணத்துக்கு வணிகரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பது 2020 ஜனவரி முதல் இருந்துவரும் விதி. அந்த வரும்படி இல்லாத நிலையில், நிறுவனங்கள் பெட்டியின் வாடகையிலும், நம் வரவைக் கணித்துத் தர முன்வரும் வணிகக் கடனிலும்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது. மாதம் நூறு ரூபாயை ஒட்டிய வாடகை, நடக்கிற கடைக்குப் பாரமாகாது. தள்ளுவண்டியில் கீரை விற்பவருக்கு அது ஒரு நாள் இலாபத்தின் கணிசமான பங்கு. அவரிடம் அதை முன்கூட்டியே தமிழில், எழுத்தில், தேதியுடன் சொல்ல வேண்டும் என்பதே என் வாதம்.

அண்ணன் மகனின் அணுகுமுறை வேறு. புதிய கருவி எதுவானாலும் பெட்டியோடு வரும் தாளை அவன் பிரிப்பதே இல்லை. எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்ப்பான், நீண்ட நேரம் அழுத்துவான், இரண்டை ஒன்றாக அழுத்துவான். ஐந்து நிமிடத்தில் மொழியைத் தமிழுக்கு மாற்றி, ஒலியைச் சரிசெய்து, கடைசியாக வந்த தொகையை மறுபடி சொல்ல வைக்கும் வழியையும் கண்டுபிடித்துவிட்டான். கெட்டுவிடுமோ என்ற அச்சம் அவனுக்கு இல்லை. கெட்டால் மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுவரலாம் என்பது அவன் நம்பிக்கை. அப்பாவோ, சொந்தப் பணம் கொடுத்து வாங்கிய வானொலியை மூடியைக் கழற்றக்கூட விடாத தலைமுறையைச் சேர்ந்தவர். ஒரு பொருள் கெட்டால் பழுதுபார்க்கப் பேருந்து ஏற வேண்டிய காலத்தில் கற்றுக்கொண்ட எச்சரிக்கை அது. அவருக்குக் கற்பிக்க வேண்டுமானால் வரிசைமுறை தேவை: முதலில் இது, பிறகு இது, இந்த விளக்கு எரிந்தால் அது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் அவ்வரிசை இருக்கிறது. பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் மின்னேற்ற வேண்டும், மின்னிக்கொண்டே இருந்தால் டவர் இல்லை. அதற்கு மேல் போனால் எனக்குத் தொலைபேசி.

ஆனால் இளையவனிடம் ஒரு குறையைப் பார்த்தேன். அவனுக்குப் பெட்டியே தேவையில்லாத ஒன்று. தன் கைபேசியில் அறிவிப்பு வரும், அல்லது வாடிக்கையாளர் காட்டும் திரையில் பச்சை நிறச் சரிக்குறி தெரியும், அது போதும் என்பான். திரையைப் பார்த்து வளர்ந்தவர்கள் திரையை நம்புகிறார்கள். பணம் செலுத்தாமலே செலுத்தியது போன்ற திரையைக் காட்டும் போலிச் செயலிகள் புழக்கத்தில் இருக்கின்றன. தொகை, கடையின் பெயர், நேரம் அனைத்தும் அச்சு அசலாக இருக்கும். கூட்ட நேரத்தில் அரை நொடி திரையைப் பார்க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அப்பா கல்லாவில் இருக்கும்போது இந்த வித்தை பலிக்காது. யார் எந்தத் திரையை நீட்டினாலும் அவர் அதைப் பார்ப்பதே இல்லை. "சத்தம் வரட்டும்பா" என்று பொட்டலத்தை மடியிலேயே வைத்துக்கொள்வார். கடையின் குறியீட்டின் மேல் வேறொருவர் தம் குறியீட்டை ஒட்டிவிட்டுப் போகும் மோசடியும் இதே மௌனத்தால் பிடிபட்டுவிடும், ஏனெனில் பணம் எங்கோ போகும், பெட்டி பேசாது. இந்தப் பெட்டியின் உண்மையான மதிப்பு, என் பார்வையில், வசதியைவிட இந்தக் காவலில்தான் இருக்கிறது.

இனி நடுவில் இருக்கும் என் போன்றவர்களின் பங்கு. மேசைக் கணினியையும் மின்னஞ்சலையும் வேலைக்காகக் கற்ற தலைமுறை நாங்கள்; கையேட்டைப் படித்தோ, யூடியூபில் யாரோ விளக்குவதைப் பார்த்தோ செய்வோம். வீட்டில் எங்களுக்கு ஒட்டியிருக்கும் பொறுப்பு, பெரியவர்களின் கேள்வியை நிறுவனத்துக்குப் புரியும் மொழியில் மாற்றிச் சொல்வது. பெட்டி ஊமையானால் புகார் செய்யும் வழி செயலிக்குள் இருக்கிறது. அங்கே நம்மோடு அரட்டையடிப்பது மனிதர் அல்லர். தயாராக வைத்திருக்கும் கேள்விகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இயந்திரம். நம் பிரச்சினை அப்பட்டியலில் இருந்தால் வெகு விரைவில் தீர்ந்துவிடும். இல்லாவிட்டால் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்போம். எங்களுடைய முந்தைய பெட்டி ஒரு வாரம் பேசாமல் கிடந்தபோது, நேரில் வந்து பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொன்ன நிறுவனம் அனுப்பவில்லை. பொருத்திய பிரதிநிதியை அழைத்தால், அவர் அந்த வேலையை விட்டுவிட்டு வேறு நிறுவனத்தின் பெட்டியை விற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் நிறுவனம் மாறிய கதை அதுதான். அவரிடமே புதிய பெட்டியை வாங்கிக்கொண்டோம்.

இங்கேதான் இக்கருவியைப் பற்றி எனக்குள்ள தயக்கமும் இருக்கிறது. பெரியவர்கள் எதையும் கற்காமலே பயன்படுத்தலாம் என்பது இதன் பெருமை. அதே காரணத்தால், பின்னால் இருக்கும் செயலியைக் கற்கும் வேலை முழுவதும் வீட்டின் இளையவர் ஒருவர் தலையில் விழுந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு அதைக் கற்க வேண்டிய அவசியமே எழுவதில்லை. எங்கள் கடைக்கு எதிரே பூ விற்கும் அம்மாவிடமும் ஒரு பெட்டி இருக்கிறது. அவர் வைத்திருப்பது பொத்தான் கைபேசி. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன், தன் வங்கிக் கணக்கிலேயே குறியீட்டைப் பதிவுசெய்து, பெட்டியையும் வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். முழம் முப்பது ரூபாய் என்று அவர் அளந்து கொடுக்க, முப்பது ரூபாய் வந்தது என்று பெட்டி அவர் காதருகே சொல்ல, பணம் திருப்பூர்க்காரனின் கணக்கில் சேர்கிறது. இரவில் மகனை அழைத்து, "இன்னைக்கு எவ்வளவுடா ஆச்சு?" என்று கேட்டுக்கொள்வார். நல்ல பிள்ளை, மாதம் தவறாமல் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுகிறான். இருந்தாலும் மறுநாள் விடியலில் பூச்சந்தைக்குப் போகக் கையில் ரொக்கம் வேண்டும் என்பதால், வாடிக்கையாளரிடம் "சில்லறையா இருந்தா குடும்மா" என்று அவர் கேட்பதை நான் அடிக்கடிக் கேட்டிருக்கிறேன். விற்பது ஒருவர், வரவு இன்னொருவருக்கு என்ற இந்த ஏற்பாட்டைப் பெட்டி தன் இனிய குரலால் மறைத்துவிடுகிறது.

பொத்தான் கைபேசி வைத்திருப்பவர்களுக்கென்று 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த யுபிஐ 123பே என்ற வசதி இருக்கிறது. ஓர் எண்ணை அழைத்து, குரல் சொல்லும்படி எண்களை அழுத்திப் பணம் அனுப்பலாம். எங்கள் ஊரில் அதைப் பயன்படுத்தும் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. 2024இல் வந்த யுபிஐ சர்க்கிள் வேறு திசையிலிருந்து வருகிறது: கணக்கு வைத்திருப்பவர் தம் குடும்பத்தினருக்குத் தம் கணக்கிலிருந்து செலவிட அனுமதி தரலாம், ஒவ்வொரு முறையும் ஒப்புதல் கேட்காத முழு அனுமதிக்கு மாத உச்சவரம்பு 15,000 ரூபாய், ஒரு தடவைக்கு 5,000. வீட்டுச் செலவுக்கு அது பொருந்தலாம், கடைக்குப் பொருந்தாது. பூக்கார அம்மாவுக்கு உண்மையில் தேவைப்படுவது, அவர் பெயரிலேயே இருக்கும் வங்கிக் கணக்கில் பதிந்த ஒரு குறியீடுதான். அதற்குத் தடை தொழில்நுட்பம் அன்று. அவரோடு வங்கிக்குப் போய்வர ஓர் அரை நாள் ஒதுக்க ஆள் இல்லாமைதான்.

பெட்டியின் சிறு குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் இருவர் இருபது ரூபாய் அனுப்பினால், பெட்டி இருமுறை இருபது என்று சொல்லும்; யார் அனுப்பியது முதலில் வந்தது என்று சொல்லாது. ஒரு குரல் மட்டும் ஒலித்து அடுத்தது தாமதமானால், இருவரும் அது தம்முடையதுதான் என்பார்கள். அப்பா இரண்டாவது குரல் வரும்வரை இருவரையும் நிறுத்திவைப்பார், அதனால் சிலர் முகம் சுளித்ததும் உண்டு. கோயில் திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கி கட்டிவிட்டால் பெட்டியின் குரல் எடுபடாது. வயதாக ஆக உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன் முதலில் குறையும் என்பதால், சில பெட்டிகளின் கீச்சுக்குரல் யாருக்காக உருவானதோ அவர்களுக்கே எட்டாமல் போகிறது. ஒலியைக் கூட்டினால் கீச்சும் கூடுகிறது. நடிகர்களின் குரலில் அறிவிக்கும் வசதியைச் சில நிறுவனங்கள் விளம்பரப்படுத்துகின்றன. எங்களுக்கு நட்சத்திரக் குரல் வேண்டாம், சற்றே கனத்த குரலில் நிதானமாகச் சொன்னால் போதும். இன்னொன்று, மருந்துக் கடையிலும் அடகுக் கடையிலும் தொகையை ஊரறியச் சொல்வது வாடிக்கையாளருக்குச் சங்கடம். அங்கே ஒலியைக் குறைத்து வைப்பது மரியாதை.

பாராட்ட வேண்டிய ஒன்றை விட்டுவிடக் கூடாது. சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கும் வழக்கம் எங்கள் கடையில் ஏறக்குறைய ஒழிந்தேவிட்டது. பதினேழு ரூபாய்க்குப் பதினேழு ரூபாயே வருகிறது. இதில் மூன்று தலைமுறைக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மிட்டாய்க்காகவே பெரியவர்களோடு கடைக்கு வந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கு மட்டும் வருத்தம் இருக்கலாம்.

வாங்கலாமா என்று கேட்டால், கல்லாவில் வயதானவர் உட்காரும் கடைக்குத் தயங்காமல் வாங்கலாம் என்பேன். ஒருவரே நடத்தும், அவர் இளைஞராகவும் இருக்கும் கடைக்குக்கூட, மேலே சொன்ன போலித் திரைகளைக் கருதிப் பரிந்துரைப்பேன். விளம்பரத்தில் வரும் நிறுவனத்தைவிட, உங்கள் ஊரில் எந்த நிறுவனத்தின் ஆள் நேரில் வந்து நிற்பார் என்பதைப் பக்கத்துக் கடைகளில் விசாரித்து வாங்குவது நல்லது. இலவச மாதங்கள் எப்போது முடியும், அதன்பின் வாடகை எவ்வளவு, எந்தத் தேதியில் பிடிப்பார்கள், பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் வாடகை உடனே நிற்குமா என்பவற்றைப் பிரதிநிதி போகுமுன் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். செவி மந்தமானவர் இருக்கும் கடையென்றால், தொகையை எண்களாகவும் காட்டும் சிறு திரை கொண்ட பெட்டியைக் கேளுங்கள். வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் பொருத்தமானது அதுதான். அட்டையைத் தொட்டுப் பணம் பெறும் வசதியுள்ள விலை கூடிய பெட்டியை விற்கப் பிரதிநிதி முயல்வார். சிற்றூர் மளிகைக் கடைக்கு அது வேண்டாம். குறியீட்டை யார் பெயரில் பதிவது என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் பெட்டியை உள்ளே விட வேண்டும். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை என்பதையும், அதைக் கேட்பவர் எவராயினும் திருடவே வந்திருக்கிறார் என்பதையும் கல்லாவில் உட்காருபவரின் நோட்டில், பச்சை சிவப்பு விளக்குகளின் விளக்கத்துக்கு மேலே, பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்.